கோட்டையிலிருந்து மாமா வீட்டுக்கு

கடலோரத்தில் இடிந்து கிடக்கும் அந்தக் கோட்டையின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் வரலாறு படித்தவர் யாராவது வந்து, அங்கே ராஜாவும் கிடையாது, சுரங்கமும் கிடையாது, யாரோ ஒரு வெள்ளைக்கார வியாபாரி மூட்டை அடுக்கி வைத்திருந்த கிட்டங்கி அது என்று ஆதாரத்தோடு நிரூபித்துவிடுவார். எனக்கு அவருடைய ஆதாரம் வேண்டாம். அந்தக் கோட்டையில் தொடங்கும் சுரங்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் மாமா வீட்டுப் பக்கம் போய் ஏறுகிறது என்பதற்கு என்னிடம் எழுத்துமூலமான சாட்சி இருக்கிறது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வீடு ராஜபாளையத்தில். அப்பா அங்கே ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தார். அம்மாவின் தம்பி, அதாவது என் தாய்மாமா, ஸ்ரீவில்லிபுத்தூரில் பழைய அரண்மனைக்குப் பக்கத்துத் தெருவில் பேட்டரிக் கடை வைத்திருந்தார். லாரிக்கும் வேனுக்கும் பேட்டரி சார்ஜ் போட்டுக் கொடுப்பார். இரண்டு ஊருக்கும் நடுவில் அரைமணி நேர பஸ் பயணம்தான். ஒரு பஸ்ஸைத் தவறவிட்டால் அடுத்தது பின்னாலேயே உறுமிக்கொண்டு நிற்கும். அப்படி இருந்தும் எங்கள் வீட்டிலிருந்து ஒருவரும் மாமா வீட்டு வாசலை இரண்டு வருடமாக மிதிக்கவில்லை. அவர்களும் வரவில்லை.

அதற்கு முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் மாமாவின் மொபெட் சத்தம் தெருமுனையில் கேட்கும். மொபெட்டில் முன்னால் நின்றுகொண்டு வருவது அவருடைய மகள். என்னைவிட ஆறு மாதம் மூத்தவள் என்பதால் முறைப்படி நான் அவளை மதினி என்று கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். ஒரு ஏழு வயதுக்காரி இன்னொரு ஏழு வயதுக்காரியைப் பார்த்து, மதினி உனக்கு மூக்கு ஒழுகுது என்று மரியாதையாகச் சொல்வதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். எங்களுக்கு அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியாது.

அப்பாவும் மாமாவும் கேரம் போர்டை எடுத்துப் போட்டுவிட்டால் சாப்பாட்டுக்கு நாலு தடவை கூப்பிட்டு அனுப்ப வேண்டும். மாமாவுக்கு இடது கைப் பழக்கம். அந்தக் கையால் அவர் சுண்டும்போது ஸ்ட்ரைக்கர் எந்தப் பக்கம் போகும் என்று அப்பாவால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை. தோற்றால் பவுடர் சரியில்லை என்பார். மாப்ள, மச்சான் என்று அவர்கள் கூப்பிட்டுக்கொள்வதைக் கேட்கிறவர்கள், அம்மாதான் இந்த வீட்டுக்கு வெளியிலிருந்து வந்தவள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

இதையெல்லாம் கெடுத்தது ஒரு மயில்.

தம்பிக்கு மூன்று வயதானபோது காதுகுத்து வைத்தோம். காதுகுத்து என்றால் எங்கள் பக்கத்தில் தாய்மாமன்தான் எல்லாம். பிள்ளை அவர் மடியில் உட்கார வேண்டும். கடுக்கன் அவர் கொண்டுவர வேண்டும். பத்திரிகையில் அப்பாவின் பெயர் இடது பக்கம் என்றால் அதே உயரத்தில் வலது பக்கம் தாய்மாமன் என்று போட்டு அவர் பெயர் வர வேண்டும். அப்பா பத்திரிகையைச் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் கொடுத்தார். அட்டையின் கீழே முருகனும் மயிலும். மயில் கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறதே, கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்களும் சொன்னபடி பெரிதாக்கினார்கள். தோகை விரிந்து வலது மூலை முழுவதையும் மூடிக்கொண்டது. மாமாவின் பெயர் இருந்திருக்க வேண்டிய மூலை அது. அப்பா மயிலைப் பார்த்துப் பூரித்துப்போய்ப் பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அம்மா தேதியையும் மண்டபத்தையும் சரிபார்த்ததோடு சரி.

சாமிக்கு அடுத்தபடி முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. தேங்காய், பழம், வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துக்கொண்டு போனோம். மாமா பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்தார். படித்து முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். பின்பக்கம் வெறும் வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் அம்மாவுக்கு விஷயம் விளங்கி முகம் செத்துப்போனது. அப்பாவுக்கும் விளங்கியது. தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அப்பா தன் தப்பைத் தன் வாயால் சொல்கிற ஆள் இல்லை. மில்லில் ஒரு மிஷினைத் தவறாகக் கழற்றிவிட்டால்கூட அந்த மிஷினைச் செய்தவனைத்தான் திட்டுவார்.

"பேரு இல்லாட்டி என்ன மாப்ள, ஆளு நீ இருக்கியே" என்றார்.

"ஆளே போதும்னா பொறவு பத்திரிகை எதுக்கு மச்சான்?" என்றார் மாமா.

அத்தை காபி கொண்டுவந்து வைத்தாள். யாரும் எடுக்கவில்லை.

காதுகுத்து அன்று அம்மா மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் போகிறது என்று ஆசாரி இரண்டு தடவை சொன்னார். கடைசியில் செட்டியார்பட்டியிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட மாமா ஒருவரைப் பந்தியிலிருந்து எழுப்பிக் கை கழுவ வைத்து உட்கார்த்தினார்கள். தம்பி ஊசியைப் பார்ப்பதற்கு முன்பே, அந்த மடியில் வைத்ததுமே, வீரிட்டு அழ ஆரம்பித்துவிட்டான். எனக்கும் அழுகை வந்தது. மதினி வராத விசேஷத்தில் புதுப் பாவாடை கட்டிக்கொண்டு என்ன செய்வது என்று இருந்தது.

முந்நூறு பத்திரிகை அடித்ததில் பாதிக்கு மேல் மிஞ்சிப்போனது. அன்றைக்குப் பிறகு அப்பா யாருக்கும் பத்திரிகை நீட்டவில்லை, வாயாலேயே அழைத்துவிட்டார். மிஞ்சிய அட்டைகள் எங்கள் வீட்டில் எதற்கெல்லாமோ ஆயின. பால் கணக்கு, மளிகை லிஸ்ட், என் வாய்ப்பாடு எல்லாம் அந்த வெள்ளைப் பின்பக்கத்தில்தான். அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு மூன்று அட்டைகள் இருக்கும். மயில் பக்கம் வெளியே தெரியாதபடி திருப்பி வைத்திருப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் பொழுது போகாது. சாப்பிட்டதும் கேரம் போர்டைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தனியாக ஆடுவார். முதலில் இந்தப் பக்கம் உட்கார்ந்து ஓர் அடி. பிறகு எழுந்து போய் அந்தப் பக்கம் உட்கார்ந்து ஓர் அடி. அந்தப் பக்கம் அடிக்கும்போது மட்டும் இடது கையால் அடிப்பார். பழக்கமில்லாத கை, காய் எங்கேயோ ஓடும். உடனே இந்தக் காய்க்கு இன்னொரு தடவை என்று தனக்குத்தானே சலுகை கொடுத்துக்கொள்வார். நான் கதவு இடுக்கில் நின்று பார்த்திருக்கிறேன். கடைசியில் ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம்தான் ஜெயிக்கும்.

இப்படி இரண்டு வருடம் போன பிறகுதான் நாங்கள் கோட்டைக்குப் போனோம். தம்பிக்குத் திருச்செந்தூரில் மொட்டை போடுவதாக ஒரு நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. அப்பாவின் தம்பி, என் சித்தப்பா, வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். கோடை விடுமுறையில் ஒரு நாள் வேனுக்குச் சவாரி இல்லை. எல்லோரும் ஏறுங்கள் என்றார். அப்பா, அம்மா, நான், தம்பி ஏறிக்கொண்டோம்.

சித்தப்பாவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வேனில் ஊர் ஊராகப் போகிறவர் என்பதால் அவரிடம் கதைக்குப் பஞ்சமே கிடையாது. எந்த மலையைக் கடந்தாலும் அதில் ஒரு சித்தர் இருப்பார். எந்தக் கண்மாயைக் கடந்தாலும் அதில் ஒரு தங்கத்தேர் அமிழ்ந்திருக்கும். இதில் எது கேட்ட கதை, எது அப்போது கட்டியது என்று அவருக்கே தெரியாது. அப்பா அவரை இழுவை மிஷின் என்பார். ஒரு பிடி பஞ்சைக் கொடுத்தால் ஊர் நீளத்துக்கு நூல் இழுத்துவிடுவான் என்று அர்த்தம்.

திருச்செந்தூரில் தரிசனம் முடிந்து, தம்பியின் தலை சந்தனத்தோடு மினுங்கிக்கொண்டிருக்க, கடைத்தெருவில் நான் ஒரு பேனா கேட்டு அடம்பிடித்தேன். பச்சை மைப் பேனா. பச்சை மையில் எழுதுவதற்கு நீ என்ன ஆபீசரா என்று அப்பா சிரித்தார். ஆனாலும் வாங்கிக் கொடுத்தார். அங்கிருந்து கிளம்பியதும் சித்தப்பா வேனை ஊருக்குத் திருப்பாமல் கடலோரமாகவே விட்டார். வழியில் ஒரு கோட்டை இருக்கிறது, பிள்ளைகள் பார்க்கட்டும் என்றார்.

செம்மணல் மேடுகளான தேரியும் பனையுமாகப் போன ரோடு ஓர் இடத்தில் மணலில் முடிந்தது. அங்கே இறங்கிப் பார்த்தால் கோட்டை. அதாவது, கோட்டையில் கடல் தின்றது போக மிச்சம். கிழக்குச் சுவர் முழுவதும் சரிந்து அலைக்குள் கிடந்தது. மற்ற மூன்று சுவர்களும் உப்புக் காற்றில் அரித்துப்போய்ப் பணியாரச் சட்டி மாதிரி குழி குழியாக நின்றன. கதவில்லாத வாசலில் நாலு ஆடுகள் நிழலுக்குப் படுத்திருந்தன. எங்கள் ஊரில் எந்தத் தெருவில் நின்றாலும் மேற்கே மலை வந்து பார்வையை நிறுத்திவிடும். இங்கே கண்ணை நிறுத்த ஒன்றுமே இல்லை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

வாசலில் பதநீர் விற்றுக்கொண்டிருந்தவர், பௌர்ணமிக்குப் பௌர்ணமி உள்ளே ஒரு ராணியின் சலங்கைச் சத்தம் கேட்கும் என்றார். அவருடைய அப்பா கேட்டிருக்கிறாராம். அம்மா அதைக் கேட்டதுமே தம்பியை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். உள்ளே போய்ப் புளியோதரையைப் பிரித்துச் சாப்பிட்டோம். சாப்பிட்டுக் கை கழுவியதும் அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விழுந்து கிடந்த ஒரு கல்லில் கடலைப் பார்த்து உட்கார்ந்தார். சித்தப்பா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்த ஆள் சொன்னது தப்புக் கதை, நிஜக் கதை வேறு என்று ஆரம்பித்தார்.

அந்தக் கோட்டையில் ஒரு ராஜா இருந்தானாம். அவனுக்குப் பெண் கொடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே பழைய அரண்மனை இருக்கிறதே, அதில் இருந்தவன்தான் ராணியின் தம்பி. மச்சானும் மாப்ளயும் உயிருக்கு உயிர். ஒரு தடவை இந்த ராஜா பெரிய விழா எடுத்தான். யானை, குதிரை, பல்லக்கு என்று ஊர்வலம். அதில் மைத்துனனுக்கு உரிய குடையைப் பிடிக்க மறந்துபோனார்கள். வேண்டுமென்று செய்ததில்லை, கவனப்பிசகு. ஆனால் நாலு பேர் பார்க்க நடந்துபோயிற்று. மைத்துனன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ராணி சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

தப்பு தன்மேல்தான் என்று ராஜாவுக்குத் தெரியும். போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஆசையும் இருந்தது. ஆனால் ரோட்டு வழியாகப் போனால் உப்பளத்துக்காரன் பார்ப்பான், பனையேறி பார்ப்பான், இதோ ராஜா மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று பேசுவார்கள். அதனால் யார் கண்ணிலும் படாமல் போக மண்ணுக்கு அடியில் வழி தோண்டச் சொன்னான். இங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும்.

சித்தப்பா இந்தக் கதையை வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார். நான் அவருடைய மடியிலேயே முக்கால்வாசி சாய்ந்திருந்தேன். எனக்குக் கேட்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. அலை சத்தத்துக்காக அப்படிச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"தோண்டி முடிக்கையில ராசாவுக்குத் தலை நரைச்சுப்போச்சு. தட்டுத்தடுமாறிப் போயி அந்தப் பக்கம் ஏறுதான், மாப்ள நிக்கான். அவனுக்கும் நரை. அவன் கேட்டானாம், ரோட்டு வழியா வந்திருந்தா அன்னைக்கே வந்து சேந்திருக்கலாமே மச்சான், எதுக்கு இம்புட்டு வருசம்னு."

அம்மா புளியோதரைப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கோ மச்சானும் காதில் விழவில்லை, மாப்ளயும் காதில் விழவில்லை. சுரங்கம் மட்டும்தான் விழுந்தது. மதினி வீடு அரண்மனைக்குப் பக்கத்துத் தெரு. அந்தச் சுரங்கம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

சித்தப்பா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். மேற்குச் சுவரின் அடியில் வளைவாக ஒரு துவாரம் இருந்தது. பெரியவர்கள் தவழ்ந்துதான் போக முடியும். உள்ளே ஒரே இருட்டு. முகத்தை வைத்தால் குளிர்ந்த காற்று வந்தது. உள்ளே போகட்டுமா என்றேன். பாம்பு கிடக்கும் என்றார். ஆனால் ஆள் போகாவிட்டாலும் பொருள் போகுமாம். காத்து இழுத்துக்கொண்டு போய் அந்தப் பக்கம் சேர்த்துவிடுமாம். நான் ஓர் இலையைப் பிடுங்கி உள்ளே போட்டேன். அது இருட்டுக்குள் போனது. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஓடிப்போய் அப்பாவிடம் ஓர் அட்டை கேட்டேன். அவர் கடலைப் பார்த்தபடியே சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரும் பார்க்காதபடி கையால் மறைத்துக்கொண்டு, பச்சை மையில் எழுதினேன்.

"மதினி, நான் கோட்டைலருந்து எழுதுறேன். இந்தச் சொரங்கம் உங்க வீட்டுக்கு வருதாம். இங்க கடல் இருக்கு. தம்பி மொட்ட. எங்க அப்பா ஞாயித்துக்கெழம தனியா கேரம் ஆடுறாக. மாமா பக்கம் போயி உக்காந்து எடது கையால அடிக்கிறாக. எப்பவும் மாமாதான் ஜெயிக்கிறாக. இத உங்க அப்பாட்ட சொல்லிறாத. நீ எப்ப வருவ?"

அட்டையை மடித்துத் துவாரத்துக்குள் போட்டு, காய்ந்த பனைமட்டை ஒன்றால் எட்டின மட்டும் உள்ளே தள்ளினேன். கிளம்பலாம் என்று அம்மா கூப்பிட்டாள். வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையில் பேனா இல்லை என்று தெரிந்தது. துவாரத்துப் பக்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரே அழுகை.

"நீ இரு, நான் எடுத்துட்டு வாரேன்" என்று அப்பா இறங்கிப் போனார்.

போனவர் வரவில்லை. வேன் வெயிலில் தகித்தது. யாராவது செத்த நேரம் தாமதித்தால் ஹாரனை அழுத்திக்கொண்டே இருக்கிற சித்தப்பா அன்று ஹாரனைத் தொடாமல் ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தார். என் பேனா காணாமல்போய்விட்டது, அதனால்தான் தேடிக்கொண்டிருக்கிறார் என்று நான் அழுகையைக் கூட்டினேன். ஒரு வழியாக அப்பா வந்தார். வேட்டியில் முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு. முழங்கையில் சிராய்ப்பு. வழுக்கிவிட்டது என்றார். அம்மா முந்தானையால் துடைத்துவிட்டாள். பேனாவை என் கையில் கொடுத்தார். நான் அதை ஊர் வந்து சேரும்வரை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தேன். மறுநாளே தம்பி அதைத் திறந்து, குழாயைக் கடித்து, பல்லெல்லாம் பச்சையாக்கிக்கொண்டான். மொட்டைத் தலையோடு பார்க்க அவன் ஏதோ குட்டிப் பூதம் போல இருந்தான். அந்தப் பேனாவின் ஆயுள் அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுவதும் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். வேனில் வரவே முழுதாக மூன்று நாலு மணி நேரம் ஆகிறது. காற்று எப்போது போய்ச் சேரும்? நடுவில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தால்? புதன்கிழமை அப்பாவுக்குக் காலை ஷிப்ட். நாலு மணிக்கு வந்துவிட வேண்டியவர் விளக்கு வைத்த பிறகுதான் வந்தார். பஸ் பிரேக்டவுன் என்றார். அப்பா மில்லுக்கு சைக்கிளில் போகிறவர் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. என் நினைப்பெல்லாம் சுரங்கத்தில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருமுனையில் மொபெட் சத்தம் கேட்டது.

மாமா வந்து நின்றார். முன்னால் மதினி. வளர்ந்துவிட்டாள், இப்போது நின்றுகொண்டு வர முடியாமல் மடங்கி உட்கார்ந்திருந்தாள். மாமா நேராக உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தார். தம்பிக்கென்று இரண்டு வருடத்துக்கு முன்பே வாங்கி வைத்திருந்த கடுக்கன். கீழே உட்கார்ந்து, தம்பியைத் தூக்கி மடியில் வைத்து, அவன் காதிலிருந்ததைக் கழற்றிவிட்டு அதைப் போட்டுவிட்டார். இந்தத் தடவை தம்பி அழவில்லை. அம்மாதான் அடுப்படிக்குள் போய்ச் சத்தமாக அழுதாள்.

"பவுடர் இருக்கா மச்சான்?" என்று மாமா கேட்டார்.

"புதுசு வாங்கி வச்சிருக்கேன்" என்றார் அப்பா.

மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. போர்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நான் மதினியைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய், கடிதம் வந்ததா என்று கேட்டேன். வந்தது என்றாள். அரண்மனைப் பக்கம் கிடந்தது என்று அவளுடைய அப்பா எடுத்து வந்தாராம். படித்துக் காட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம். அவரிடம் சொல்லாதே என்று எழுதியதை அவரே படித்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம். ஆனால் சுரங்கம் வேலை செய்கிறது என்ற சந்தோஷத்தில் அது பெரிதாகத் தெரியவில்லை.

பள்ளிக்கூடத்தில் இந்தச் சுரங்கத்துக்காக நான் எத்தனை பேரோடு சண்டை போட்டேன் என்று சொன்னால் வெட்கக்கேடு. வயது ஏற ஏற, கடிதத்தை எடுத்துக்கொண்டு போய்ச் சேர்த்தது சித்தப்பாதான் என்று முடிவு செய்துகொண்டேன். கதை கட்டியவரும் அவர்தானே, தபால்காரர் வேலையையும் அவரே பார்த்திருப்பார். அவரிடம் கேட்டபோது மறுக்கவும் இல்லை. சித்தப்பா தனக்குக் கிடைத்த புகழை மறுத்து நான் பார்த்ததில்லை. போன வருடம் கணவரோடும் மகளோடும் அந்தக் கோட்டைக்குப் போயிருந்தேன். துவாரத்துக்கு இப்போது கம்பி போட்டிருக்கிறார்கள். செல்போன் விளக்கை அடித்துப் பார்த்தேன். பத்தடி தூரத்தில் பாறை தெரிந்தது. மழைத்தண்ணீர் வடிய விட்ட வழி என்று காவலாளி சொன்னார். ராஜா, ராணி, மைத்துனன், குடை எதைப் பற்றியும் அவர் கேள்விப்பட்டதில்லை. பதநீர்க்காரரின் சலங்கைக் கதையை மட்டும் சொன்னார்.

மகளுக்குக் காதுகுத்து வைத்திருப்பது இந்த வருடம். தாய்மாமன் மடி என் தம்பியுடையது. பத்திரிகை அடிப்பதற்கு முன்னால் ஒரு பேச்சு பேசிவிட்டு வரலாம் என்று அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அப்பாவும் மாமாவும் வழக்கம்போல உள்ளறையில் போர்டைப் போட்டுவிட்டார்கள். நடு ஆட்டத்தில் மாமா எழுந்து வந்து, பெட்டியைத் திறந்து, பழைய அட்டை ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

"பேரு எந்த எடத்துல வரணும்னு இதுல இருக்கு தாயி. இதப் பாத்து அடிக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார்.

மடிப்பு நைந்துபோன அட்டை. என் கோணல் எழுத்து, பச்சை மை. தம்பி மொட்ட. எப்பவும் மாமாதான் ஜெயிக்கிறாக. படித்துக்கொண்டே சிரித்தேன். விரலில் என்னவோ தட்டுப்பட்டது. என் எழுத்துக்கு அடியில் அட்டை வரிவரியாகப் புடைத்திருந்தது. மறுபக்கத்திலிருந்து யாரோ அழுத்தி எழுதியிருக்கிறார்கள். இத்தனை வருடத்தில் எனக்கு அந்தக் கடிதத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்ற நினைப்பே வந்ததில்லை. திருப்பிப் பார்த்தேன்.

மயில் அப்படியே தோகையை விரித்துக்கொண்டு நின்றது. அந்தத் தோகையின் மேல், வலது மூலையில், தாய்மாமன் என்று போட்டு, அதன் கீழே இனிஷியலோடு மாமாவின் முழுப் பெயர். அப்பாவின் கையெழுத்து. வழவழப்பான அட்டையில் மை பிடிக்கவில்லை போலிருக்கிறது, ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு மூன்று தடவை அழுத்தி எழுதியிருந்தார். மடிப்புக்குள் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பொடி இருந்தது. மை பச்சை.

உள்ளே ரெட் காய்க்கு இரண்டு கிழவர்களும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னால் உள்ளே போக முடியவில்லை. என் அப்பா அந்த இருட்டுத் துவாரத்துக்குள் தவழ்ந்து போய், என் கடிதத்தை எடுத்துப் படித்து, தன்னைப் பற்றி நான் எழுதியிருந்த வரியைப் படித்து, அதைக் கோடு போட்டு அடிக்காமல் விட்டு, கல்லின் மேல் அட்டையை வைத்து, என் பேனாவாலேயே அந்தப் பெயரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். ஒரு பேனாவை எடுத்துவர இவ்வளவு நேரமா என்று நான் வேனுக்குள் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.